பால்கனியில் ஒரு பேனல் பட்டறை

ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹானின் பெயர் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எளிதில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்தே பேசவும் கேட்கவும் கூடிய ஒரு வானொலிக் கருவியை வீட்டில் செய்துகொள்ளலாம் என்று காட்டிய ‘பிட்எக்ஸ்’ வடிவமைப்பு அவருடையது. அந்த வரிசையில் 2016-ல் விற்பனைக்கு வந்தது பிட்எக்ஸ்40. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான அந்தப் போர்டு, பாகங்களெல்லாம் சால்டர் செய்யப்பட்டு, சோதனையும் முடிந்து வாங்குபவர் கைக்கு வந்தது. பிறகு ராடுயினோ என்ற சிறிய போர்டும், அதிர்வெண்ணைக் காட்ட இரண்டு வரித் திரையும் அதனுடன் சேர்ந்துகொண்டன. வராத ஒன்று பெட்டி. குமிழ்கள் உட்காரும் முன்பக்க பேனலை வாங்கியவரே செய்துகொள்ள வேண்டும். அதனால் உள்ளே ஒரே மாதிரி இருந்த கருவி வெளியே ஆளுக்கொரு முகத்தோடு உலவியது.

வானொலிக்கு மட்டும் வந்த நிலை இல்லை இது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஆம்பிளிஃபயர் போர்டு, பவர் சப்ளை மாட்யூல், வெப்பநிலை காட்டும் மீட்டர் என்று எதை வாங்கி வந்தாலும் இதே கதைதான். போர்டு கிடைக்கும், அதற்கேற்ற பேனல் கிடைக்காது. வீட்டுக்கு வந்து ஒயர் கொடுத்ததும் பாட்டுச் சத்தம் வந்துவிடும். வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் அத்தோடு நின்றுபோகும் கருவிகள் ஏராளம்.

அப்படி நின்றுபோவதில் ஒரு கெடுதல் இருக்கிறது. பேனல் இல்லாத வால்யூம் கன்ட்ரோலைத் திருகும் ஒவ்வொரு முறையும் விரலின் விசை முழுக்க அதன் மூன்று கால்கள் மேல், அதாவது சால்டர் மேல், இறங்குகிறது. நாளடைவில் சால்டர் விட்டுப்போய் கரகரவென்று சத்தம் வரும். பேனலில் துளையிட்டு, வாஷர் வைத்து, நட்டு போட்டு இறுக்கிவிட்டால் அந்த விசையைத் தகடு தாங்கிக்கொள்ளும். எந்த சுவிட்ச் எதற்கு என்று எழுதி வைக்காத கருவியை, செய்தவரே ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் தடுமாறுவார். ஆக, பேனலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குவது சரியில்லை. கருவி எவ்வளவு நாள் உழைக்கும் என்பது அதைப் பொறுத்தும் இருக்கிறது.

“செய்யலாம்தான், இடம் எங்கே இருக்கிறது?” என்பது அடுத்து எழும் கேள்வி. இரண்டு படுக்கையறை அடுக்கக வீட்டில் டிரில்லிங் மெஷின் போட முடியாது. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் எதையும் அறுக்க முடியாது. சமையல் மேடையில் பிளாஸ்டிக் தூள் பறந்தால் வீட்டில் யாரும் ஒப்ப மாட்டார்கள். இந்தக் கவலைகள் நியாயமானவை. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளின் பழைய சுவிட்ச் போர்டுகளை நினைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மரப்பெட்டியின் மேல் ஹைலம் ஷீட் வைத்து, அதில் சுவிட்சுகளும் பிளக் பாயின்ட்டும் பதித்த போர்டுகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. 1907-ல் லியோ பேக்லேண்ட் கண்டுபிடித்த பேக்கலைட் குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக் அது. காகித அடுக்குகளில் பிசினை ஏற்றி அழுத்திச் செய்வது. அந்த ஷீட்டை அளந்து, அறுத்து, துளையிட்டு, வட்ட அரத்தால் ராவிப் பொருத்திய எலக்ட்ரீஷியனுக்குப் பட்டறை எதுவும் கிடையாது. ஒரு தோள்பை, கை டிரில், ஹேக்சா, இரண்டு அரம். வேலை நடந்த இடம் அந்த வீட்டுத் திண்ணை. வீட்டுக்கு வீடு அளவு மாறினாலும் பேனல் பொருந்தியது. ஒரு தலைமுறையே பிளாஸ்டிக் பேனல் வேலையைச் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்து முடித்திருக்கிறது.

இடப் பற்றாக்குறையை வெல்ல முதல் வழி, வேலையின் பெரும்பகுதியைக் காகிதத்துக்கு மாற்றுவது. பேனல் வேலையில் நேரம் பிடிப்பது அறுப்பது அல்ல, எது எங்கே வரவேண்டும் என்று முடிவெடுப்பதுதான். அதற்கு ஒரு மேசையும் வெர்னியர் காலிப்பரும் போதும். கன்ட்ரோலின் உடல் 16 மி.மீ. அகலம் என்றால் இரண்டை 17 மி.மீ. இடைவெளியில் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அதன் மேல் மாட்டும் குமிழ் 20 மி.மீ. இருந்தால் இரண்டும் உரசும். உரசாமல் போனாலும் இடையே விரல் நுழைய வேண்டும். எழுத்து குமிழுக்குக் கீழே இருந்தால் திருகும் கையே அதை மறைத்துவிடும். மேலே எழுதினால் தெரியும். பவர் சுவிட்சை ஓரத்தில் தனியாக வைத்தால் கை தவறிப் பட்டு அணையாது. ஜாக்குகளைக் கீழ் வரிசையில் வைத்தால் தொங்கும் ஒயர் குமிழ்களுக்கு இடைஞ்சலாக இருக்காது.

முடிவெடுத்த பிறகு முழு அளவில் ஒரு அச்சு எடுத்து, பழைய அட்டைப்பெட்டியின் அட்டையில் ஒட்டி, துளைகளைக் கத்தியால் குத்தி, பாகங்களைச் செருகிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் இரண்டு கன்ட்ரோல்கள் இடிப்பதும், திரையின் மூலை பெட்டிச் சுவரில் முட்டுவதும் இந்த ஒத்திகையில் தெரிந்துவிடும். அட்டையில் தெரியும் தவறுக்குச் செலவு கிடையாது. அச்சு எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: தாளுக்கு ஏற்றபடி சுருக்கும் வசதி பிரின்டரில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தி 100 சதவீதம் என்று மாற்ற வேண்டும். வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, தாள் வெளியே வந்ததும் இரும்பு ஸ்கேலால் அளந்து பார்த்தால் ஏமாற வாய்ப்பில்லை.

ஒரு அளவுத்திட்டத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே நிற்பது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் நல்ல எடுத்துக்காட்டு. 1995-ல் அவர் வெளியிட்ட ஏ-100 என்ற இசைக்கருவி, தனித்தனி மாட்யூல்களைச் சட்டத்தில் வரிசையாகத் திருகி மாட்டும் வகை. ஒவ்வொரு மாட்யூலின் பேனலும் 128.5 மி.மீ. உயரம். அகலம் 5.08 மி.மீ. என்ற அலகின் மடங்குகளில் வரும். பிடிப்பது எம்3 திருகு. யூரோராக் என்று பெயர் பெற்ற இந்த அளவை மற்ற தயாரிப்பாளர்களும் எடுத்துக்கொண்டதால், இன்று எந்த நாட்டில் யார் செய்த மாட்யூலும் அந்தச் சட்டத்தில் உட்காருகிறது. வீட்டுக் கருவிகளுக்கும் இப்படி ஓர் அளவை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பேனலுக்குப் பாதி வேலை தானாகக் குறையும்.

அடுத்தது, எந்த பிளாஸ்டிக் என்பது. சைன்போர்டு கடைகளில் கேட்டால் துண்டு ஷீட்டுகள் மலிவாகவே கிடைக்கும். எடைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அங்கே கிடைப்பதெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் குணம் வேறு. அக்ரிலிக் பளபளப்பானது, கண்ணாடிபோல் தெளிவானது. ஆனால் அவசரப்பட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் லேசில் உடையாது, துளையிடும்போது பொறுமையைச் சோதிக்காது. ஆனால் எளிதில் கீறல் விழும் அளவுக்கு மேல்பரப்பு மென்மை. ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் இரண்டும் கத்திக்கும் அரத்துக்கும் நன்றாக வளைந்து கொடுப்பவை. கட்டட முகப்புகளில் ஒட்டும் ஏசிபி ஷீட் இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. உறுதியும் இருக்கும், கத்தியால் கீறி மடக்கவும் வரும். சன்போர்டு என்று விற்கும் வெள்ளை ஷீட் பெரும்பாலும் பிவிசி நுரை. எடை இல்லை, அறுக்கச் சுலபம். ஆனால் நட்டு இறுக்கினால் அமுங்கிவிடும்.

தடிமன் விஷயத்தில் அதிகம் இருந்தால் நல்லது என்ற எண்ணம் காலை வாரிவிடும். 3.5 மி.மீ. ஆடியோ ஜாக்கின் கழுத்தில் மரை குறைவாகத்தான் இருக்கும். 3 மி.மீ. ஷீட்டில் அதை நுழைத்து வாஷரும் வைத்தால் நட்டு பிடிக்க மரை மிஞ்சாது. ஜாக் வரும் சிறிய பேனலுக்கு 2 மி.மீ. பொருத்தம். ஆம்பிளிஃபயர் போன்ற அகலமான முகப்புக்கு 3 மி.மீ. வேண்டும், இல்லாவிட்டால் குமிழை அழுத்தும்போது நடுவில் வளையும்.

இனி அறுப்பது. நேர்கோட்டில் ஷீட்டைத் துண்டாக்க ரம்பமே வேண்டாம். அக்ரிலிக் கட்டர் என்று கொக்கி நுனி கொண்ட கத்தி ஒன்று ஸ்டேஷனரி, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. ஹேக்சா பிளேடின் நுனியைக் கொக்கிபோலத் தேய்த்தும் செய்துகொள்ளலாம். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாக ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். முதல் இரண்டு இழுப்பு மென்மையாக, தடம் விழுவதற்காக மட்டும். பிறகு ஒவ்வொரு இழுப்பிலும் நூல்போல் பிளாஸ்டிக் சுருண்டு வரும். தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வந்ததும், கீறலை மேசை விளிம்புக்கு நேராக வைத்து ஒரே அழுத்தில் கீழ்நோக்கி மடக்கினால் ‘டக்’ என்று பிரியும். 3 மி.மீ. வரை இந்த முறை நம்பகமானது. தூள் பறக்காது, சத்தம் அந்த ஒரு ‘டக்’ மட்டும்தான்.

துளைக்கு வரும்போதுதான் நிறையப் பேர் ஷீட்டைப் பாழாக்குகிறார்கள். கடையில் வாங்கும் சாதாரண டிரில் பிட் இரும்புக்கானது. அதன் வெட்டு விளிம்பு கூராகக் கொக்கிபோட்டு நிற்கும். அக்ரிலிக்கின் அடிப்பக்கத்தைத் தொடும் கணத்தில் அது ஷீட்டை அப்படியே கவ்வி மேலே இழுக்கும். விரிசல் விழுவது அந்த நொடியில்தான். சாணைக்கல்லில் வெட்டு விளிம்பை லேசாகத் தேய்த்துக் கூரை மழுக்கிவிட்டால், பிட் கவ்வாமல் சுரண்டிக்கொண்டே போகும். ஷீட்டின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்து இரண்டையும் ஜி கிளாம்ப்பால் மேசையோடு இறுக்குவதும் கட்டாயம்; பிட் வெளியே வரும் இடத்தில் தாங்கல் இருந்தால் ஓரம் சில்லு விடாது. முதலில் 2 மி.மீ. துளை. பிறகு ஸ்டெப் டிரில் என்னும் கூம்பு வடிவ பிட்டால் படிப்படியாக 7 மி.மீ. வரை விரித்தால் வால்யூம் கன்ட்ரோலின் கழுத்து நுழையும்.

வேகம் குறைவாக இருக்க வேண்டும். பிட் வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகி, பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். துளையின் சுவர் சொரசொரப்பாகிவிடும். கையால் சுற்றும் பழைய கை டிரில் இந்த வேலைக்கு மின்சார டிரில்லைவிட மேல் என்று சொல்லலாம். வேகம் கைவசம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்கும் கேட்காது. இடமும் வசதியும் குறைந்தவர் வேறு வழியில்லாமல் எடுக்கும் கருவியே இங்கு சரியான கருவியாக அமைகிறது.

தூளுக்கு ஒரு எளிய ஏற்பாடு: பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, வாய் தன் பக்கம் இருக்கும்படி வைத்து, வேலையை அதற்குள் செய்வது. அக்ரிலிக் துகள் நிலைமின்சாரத்தால் கை, சட்டை எல்லாவற்றிலும் ஒட்டும். பெட்டிக்குள் அடங்கிவிட்டால் முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் டிரில்லைத் தொடக்கூடாது.

வீட்டுப் பட்டறையில் மிகக் கடினமான வெட்டு, திரைக்கான ஜன்னல். ஏற்கெனவே சொன்ன ராடுயினோவில் இருப்பது 16×2 எனப்படும் திரை. பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸில் மிகப் பரவலான திரையும் அதுதான். அதன் போர்டு 80 × 36 மி.மீ., திருகுத் துளைகள் 75 × 31 மி.மீ. இடைவெளியில். எழுத்துத் தெரியும் பகுதியைச் சுற்றி இருக்கும் இரும்புச் சட்டம் சுமார் 71 × 25 மி.மீ.; தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும் என்பதால் கையில் இருப்பதை அளந்துகொள்ள வேண்டும். கறுப்பு ஏபிஎஸ் ஷீட்டில் இந்தச் செவ்வகத்தை எடுப்பதென்றால், மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் பென்சிலால் கோடு போட்டு, நான்கு மூலையிலும் கோட்டுக்கு உள்ளே ஒவ்வொரு துளை. அந்தத் துளை வழியாக ஃப்ரெட் வாளின் மெல்லிய பிளேடை நுழைத்து, கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே அறுத்து, மீதியைத் தட்டை அரத்தால் கோடு வரை ராவ வேண்டும். அரத்தை ஒரே திசையில் தள்ள வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும். அக்ரிலிக் என்றால் மூலையைக் கூராக விடக்கூடாது. இழுவிசை முழுதும் அந்தக் கூரில் குவியும். பின்னொரு நாள் திருகை இறுக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இவ்வளவு செய்தும் ஜன்னல் அரை மி.மீ. கோணலாக வந்தால் கண் முதலில் அங்கேதான் போகும்.

இந்த வெட்டையே தவிர்த்துவிட ஒரு வழி இருக்கிறது. சிறிய இடத்தில் வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல முறை கிடையாது.

தெளிவான 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பேனலின் நிறம், எழுத்து, கோடு, குமிழைச் சுற்றிய அளவுக் குறிகள் எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, நல்ல தாளில் வண்ண அச்சாக எடுத்து, ஷீட்டின் பின்பக்கம் வைக்க வேண்டும். திரை வரும் இடத்தில் தாளில் மட்டும் ஜன்னல் வெட்டினால் போதும். அதற்குக் கூரான பிளேடும் ஸ்கேலும் தவிர வேறொன்றும் தேவையில்லை. கோணலாகிவிட்டால் இன்னொரு தாள் அச்சடித்துக்கொள்ளலாம். அக்ரிலிக் வெட்டுப்படாமல் முழுதாக நிற்பதால் அதுவே திரைக்குக் கண்ணாடியாகிவிடும். எல்இடிக்கும் துளை வேண்டாம். தாளில் சிறு வட்டம் வெட்டினால் ஒளி தெரியும். அக்ரிலிக்கில் போடவேண்டிய துளைகள் கன்ட்ரோல், சுவிட்ச், ஜாக், திருகு ஆகியவற்றுக்கு மட்டும், அதாவது எல்லாமே வட்டத் துளைகள். எழுத்து ஷீட்டுக்குப் பின்னால் இருப்பதால் எத்தனை வருடம் விரல் பட்டாலும் அழியாது. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் பட்டன் பரப்பில் எழுத்து தேயாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். மெல்லிய பிளாஸ்டிக் தாளின் பின்பக்கம் அச்சடித்து ஒட்டுகிறார்கள்.

இதிலேயே இன்னொரு வகை, எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி, ஓஎச்பி ஷீட்டில் லேசர் பிரின்டரில் எடுப்பது. ஜெராக்ஸ் கடையில் கேட்டாலே செய்து தருவார்கள். மையுள்ள பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, பின்னால் வெள்ளையோ வேறு நிறத்திலோ தாளைக் கொடுத்தால் எழுத்து மிகத் துல்லியமாக விழும். தாளைத் தாங்க பின்னால் இன்னொரு மெல்லிய ஷீட் வைத்து, கன்ட்ரோல்களின் நட்டுகளே மூன்றையும் சேர்த்து இறுக்கும்படி செய்யலாம், பசை வேண்டியதில்லை. அந்த மூன்றும் சேர்ந்த தடிமன் ஜாக்கின் மரைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். ‘ஒலி’, ‘அலைவரிசை’, ‘மின்சாரம்’ என்று அச்சிட்ட பேனல் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் உதவும். ஆனால் 3 மி.மீ. உயரத்தில் ஆங்கில எழுத்து படிக்க முடிகிறது என்பதற்காகத் தமிழையும் அதே அளவில் போட்டால் சுழிகள் அடைபட்டுப்போகும். சற்றுப் பெரிதாக, கோடு சீரான எழுத்துருவில் போடுவது நல்லது.

கையால் துளையிட மனமோ நேரமோ இல்லாதவர்களுக்கு லேசர் கடை இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் சைன்போர்டு, பரிசுக் கேடயம், கல்யாண அழைப்பிதழ் வேலைகளுக்காக கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்திருக்கிறார்கள். அதன் அகச்சிவப்புக் கதிரை அக்ரிலிக் நன்றாக உறிஞ்சிக்கொள்வதால் விளிம்பு தீயிட்டு மெருகேற்றியதுபோல வரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இயங்கும் பிமொரோனி நிறுவனம் 2012-ல் வெளியிட்ட பைபோ என்ற பெட்டி இந்தத் தொழிலின் சாத்தியத்தைக் காட்டியது. ராஸ்பெர்ரி பை கணினிக்கான அந்தப் பெட்டி, லேசரில் வெட்டிய அக்ரிலிக் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருகி முடிப்பது. தட்டையான ஷீட்டை வைத்தே முழுப் பெட்டி செய்துவிடலாம் என்றால் ஒரு பேனல் எம்மாத்திரம்.

கடைக்குக் கொடுக்கும் கோப்பில் தகராறு வருவது வழக்கமாக மூன்று இடங்களில். டிஎக்ஸ்எஃப் கோப்பை மி.மீ. என்று அனுப்ப, அங்கே அங்குலமாகத் திறந்தால் 25.4 மடங்கு பெரிதாகிவிடும். படத்தின் மொத்த நீளம் அகலத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பது உத்தமம். பல கடைகளில் கோரல்டிராவின் பழைய பதிப்பு இருக்கும், புதிய பதிப்பில் சேமித்தது திறக்காது. தமிழ் எழுத்துருவை வளைகோடுகளாக மாற்றாமல் அனுப்பினால் அந்தக் கணினியில் கொம்பும் காலும் சிதறி வேறு ஏதோ வரும். எழுத்தைச் செதுக்கத்தான் சொல்ல வேண்டும். ஊடுருவி வெட்டச் சொன்னால் சுழிகளின் உள்பகுதி கழன்று விழுந்துவிடும். லேசர் கதிருக்கும் ஓர் அகலம் உண்டு. 7 மி.மீ. என்று வரைந்த துளை ஏறக்குறைய 7.2 ஆக வரும். கன்ட்ரோல் நுழைய அது வசதிதான்.

செதுக்குவதற்கு வார்ப்பு முறையில் செய்த அக்ரிலிக் ஏற்றது. எழுத்து பனிபடர்ந்த வெள்ளையாகத் தெரியும். உருக்கித் தள்ளிச் செய்யும் மலிவு வகையில் எழுத்து மங்கலாகவே இருக்கும். பாதுகாப்புத் தாளை உரிக்காமலே செதுக்கச் சொல்லி, பள்ளத்தில் பெயின்ட் பூசிக் காய்ந்ததும் தாளை உரித்தால் எழுத்தில் மட்டும் நிறம் தங்கும். வீட்டு வாசல் பெயர்ப்பலகைக்குப் பயன்படும் இரட்டை நிற ஷீட்டும் பேனலுக்கு மிகப் பொருத்தம். மேல் நிறத்தைச் செதுக்கியதும் அடியில் உள்ள நிறம் எழுத்தாகத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சன்போர்டு, வினைல் ஸ்டிக்கர் போன்ற பிவிசி வகைகளை லேசரில் வைக்கக்கூடாது. சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது மூச்சுக்குழாயை அரிக்கும், இயந்திரத்தின் உலோகத்தையும் துருப்பிடிக்க வைக்கும். ஷீட் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் லேசர் வேலைக்கு அதை எடுத்துப் போகாமல் இருப்பதே மற்றவருக்குச் செய்யும் நியாயம். பாலிகார்பனேட்டும் லேசரில் கருகி மஞ்சளாகிவிடும்.

லேசரில் வெட்டி வந்த அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதும் ஆபத்து. சூட்டில் வெட்டுப்பட்ட விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்ட சில நிமிடங்களில் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் படரும். கைபேசித் திரை துடைக்கும் திரவங்கள் பலவற்றிலும் ஆல்கஹால் உண்டு. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும்தான் இதற்குச் சரி.

3டி பிரின்டர் வைத்திருப்பவர்கள் பேனலை அதிலேயே எடுக்கலாம். முகம் கீழே பார்க்கும்படி வைத்து, எழுத்து முடியும் அடுக்கில் பிளாஸ்டிக் இழையின் நிறத்தை மாற்றினால் இரு நிறப் பேனல் கிடைக்கும். பிஎல்ஏ இழை 60 டிகிரி செல்சியஸுக்கு அருகில் தளர ஆரம்பிக்கும் என்பதால், வெயிலில் நிறுத்தும் காருக்குள் வைக்கும் கருவிக்கு அது ஆகாது. இன்னொரு வழி, சர்க்யூட் போர்டு செய்யும் நிறுவனத்திடமே பேனலையும் போர்டாகச் செய்து வாங்குவது. கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த 1.6 மி.மீ. தகடு, விரும்பிய நிறம், வெள்ளை எழுத்து, பிசிறில்லாத துளைகள். 100 × 100 மி.மீ. அளவுக்குள் அடங்கினால் பல இடங்களில் கட்டணமும் குறைவு. கிகேட் என்ற இலவச மென்பொருளில் வரைந்துவிடலாம். யூரோராக் கருவி செய்பவர்கள் பலர் இப்போது இந்த வழிக்கு மாறியிருக்கிறார்கள். அந்தத் தகட்டை வீட்டில் அரத்தால் ராவ நேர்ந்தால் முகக்கவசம் கட்டாயம், கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

பிளாஸ்டிக்கால் முடியாதவையும் உண்டு. வானொலிக் கருவியின் முன்பக்கத்தில் உலோகம் இல்லாவிட்டால், டியூனிங் குமிழை நோக்கிக் கை நீளும்போதே சில கருவிகளில் அதிர்வெண் நகரும். பேனலின் பின்பக்கம் செம்பு டேப்போ அலுமினியத் தகடோ ஒட்டி கிரவுண்டோடு இணைத்தால் இது அடங்கும். போர்டாகச் செய்த பேனலில் செம்புப் படலம் ஏற்கெனவே இருப்பதால் அந்த வேலையும் மிச்சம். 230 வோல்ட் வரும் சுவிட்ச், சாக்கெட் எதையும் அக்ரிலிக் பேனலில் பொருத்துவது தவறு. அக்ரிலிக் நன்றாக எரியக்கூடியது. அதற்கென்று தீ தடுப்புத் தரத்தில் செய்து விற்கும் சாக்கெட்டைப் பெட்டியின் பின்பக்கம் மாட்டி, முன் பேனலைக் குறைந்த மின்னழுத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஹீட்சிங்க்கையும் பேனலைத் தொடவிடக்கூடாது. பிளாஸ்டிக் சூட்டில் உலோகத்தைவிட அதிகம் விரிவடையும், 300 மி.மீ. நீள அக்ரிலிக் 30 டிகிரி சூடேறினால் அரை மி.மீ.க்கும் மேல் நீளும். அதனால் எம்3 திருகுக்குத் துளை 3.4 மி.மீ. வரை தளர்வாக இருக்கட்டும், திருகுத் தலையின் அடியில் ஃபைபர் வாஷர் இருக்கட்டும்.

முதல் பேனலைச் செய்யப் போகிறவர் லேசரோ பிரின்டரோ வாங்க வேண்டியதில்லை. தெளிவான அக்ரிலிக் துண்டு, கொக்கிக் கத்தி, கை டிரில், ஸ்டெப் டிரில், ஜி கிளாம்ப், ஜெராக்ஸ் கடையில் எடுத்த ஒரு வண்ண அச்சு, இவ்வளவும் ஒரு செருப்புப் பெட்டியில் அடங்கும். அதில் கிடைக்கும் பேனல் கடையில் வாங்கிய கருவியின் முகத்துக்குக் குறைந்ததாக இருக்காது.

இடம் இல்லாதவர்களுக்குப் பொது இடம் ஒன்று கிடைத்தால் இன்னும் எவ்வளவோ நடக்கும். புனேவுக்கு அருகே பாபல் கிராமத்தில் உள்ள விஞ்ஞான் ஆசிரமம் 2002-லேயே அமெரிக்காவின் எம்ஐடியோடு சேர்ந்து ஃபேப் லேப் என்னும் பொதுத் தயாரிப்புக் கூடம் ஒன்றைத் தொடங்கியது. எம்ஐடிக்கு வெளியே உலகில் தொடங்கப்பட்ட முதல் சில கூடங்களில் அதுவும் ஒன்று. ஒரு மகாராஷ்டிரக் கிராமத்தில் முடிந்தது தமிழ்நாட்டில் முடியாமல் போகாது. லேசரும் டிரில்லிங் மெஷினும் வைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள் மாதம் ஒரு சனிக்கிழமையாவது அந்த அறையைத் தங்கள் ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஷீட்டை அவரவர் கொண்டுவருவார்கள். மின்சாரத்துக்கு ஒரு சிறு கட்டணமும், கூடவே நிற்க ஒரு லேப் உதவியாளரும் இருந்தால் போதும்.